குறிப்பு மின்னழுத்தத்தின் வரலாறு: டேனியல் கலம் முதல் ஜோசப்சன் சந்தி வரை

ஒப்பீட்டுச் சுற்று என்பது இரண்டு மின்னழுத்தங்களை ஒப்பிட்டு, எது பெரியது என்பதை மட்டும் சொல்லும் மின்னணுச் சுற்று ஆகும். பணிமனைகளில் இதைக் கம்பேரேட்டர் என்பார்கள். இதன் ஓர் உள்ளீட்டில் நாம் அளக்க விரும்பும் மின்னழுத்தம் வரும். மற்றோர் உள்ளீட்டில் மாறாத ஒரு மின்னழுத்தத்தைக் கொடுத்து வைப்போம். இந்த மாறாத மின்னழுத்தமே குறிப்பு மின்னழுத்தம், அதாவது ரெஃபரன்ஸ் வோல்டேஜ், எனப்படுகிறது. தராசின் ஒரு தட்டில் பொருளும் மறு தட்டில் படிக்கல்லும் இருப்பதைப் போன்றது இது. படிக்கல் தேய்ந்திருந்தால் எவ்வளவு நல்ல தராசும் பொய்தான் சொல்லும்.

மாறாத மின்னழுத்தம் ஒன்றை உருவாக்குவது எளிதாகத் தோன்றினாலும், அதற்கு மனிதர்கள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பின் வரலாற்றை இக்கட்டுரை சொல்கிறது. குறிப்பு மின்னழுத்தத்தைக் கெடுப்பவை எவை என்று அவர்கள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்த வரிசை, இன்று பழுதான ஒப்பீட்டுச் சுற்றைச் சரிசெய்யும் மாணவருக்கும் அப்படியே பயன்படும்.

ஓர் அடைகாக்கும் பெட்டி

வரலாற்றுக்குள் போகுமுன் ஒரு பழுதைச் சொல்கிறேன். நான் ஆசிரியராக இருந்தபோது ஒரு மாணவன் அறிவியல் கண்காட்சிக்காகத் தெர்மாகோல் பெட்டியில் கோழிமுட்டை அடைகாக்கும் கருவி செய்தான். உள்ளே ஒரு குண்டு பல்பு, எல்எம்35 வெப்ப உணரி, எல்எம்339 ஒப்பீட்டுச் சுற்று, பல்பை இயக்க ஒரு ரிலே. முட்டைகள் அவனுடைய அப்பத்தா கொடுத்தவை.

கோழிமுட்டை பொரிக்கச் சுமார் 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் 21 நாள்களுக்குத் தேவை. எல்எம்35 ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். எனவே 37.5 டிகிரிக்கு 375 மில்லிவோல்ட். அந்த 375 மில்லிவோல்ட்டைக் குறிப்பு மின்னழுத்தமாகக் கொடுத்தால் போதும். உணரியின் அளவு அதற்குக் கீழே இருந்தால் பல்பு எரியும், மேலே போனால் அணையும். மாணவன் 12 வோல்ட் அடாப்டரிலிருந்து இரண்டு மின்தடைகளால் பிரித்து அந்த 375 மில்லிவோல்ட்டை எடுத்திருந்தான்.

பெட்டி சூடாகி வரும்போது, 36 டிகிரியை எட்டுவதற்குச் சற்று முன்பே ரிலே படபடவென்று அடிக்கத் தொடங்கியது. "சார், ஐசி போச்சு" என்றான். ஐசியை மாற்றினோம், அடித்தது. உணரியை மாற்றினோம், அடித்தது. குறிப்பு மின்னழுத்தத்தின் குறுக்கே பெரிய மின்தேக்கி ஒன்றைப் போடச் சொன்னேன். படபடப்பு மெதுவாகி, நிதானமான டக், டக் ஆனது. சரியாகிவிட்டது என்று நான்தான் சொன்னேன். பல்பு பாதி நேரமே எரிந்தது, பெட்டி 37.5 டிகிரியை எட்டவே இல்லை. 21 நாள் கழிந்தும் ஒரு குஞ்சுகூட வெளிவரவில்லை. பழுது எங்கே இருந்தது என்பது எனக்குப் புரிந்தது அடுத்த கல்வியாண்டில்தான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் பாடம்: மின்னோட்டம் எடுத்தால் குறையும்

1800ஆம் ஆண்டில் இத்தாலியின் அலெசாண்ட்ரோ வோல்டா தம் மின்னடுக்கை அறிவித்தார். தொடர்ந்து மின்னோட்டம் தரும் முதல் கருவி அது. ஆனால் பயன்படுத்தப் பயன்படுத்த அதன் மின்னழுத்தம் சரிந்துகொண்டே போகும். தகடுகளில் ஹைட்ரஜன் குமிழிகள் படிவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். 1836இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் ஜான் பிரெடெரிக் டேனியல், துத்தநாகத்தையும் தாமிரத்தையும் தனித்தனிக் கரைசல்களில் வைத்து இக்குறையைப் போக்கினார். டேனியல் கலம் சுமார் 1.1 வோல்ட் தரும். பின்னாளில் வோல்ட் என்னும் அலகின் அளவை முடிவுசெய்தபோது, அது டேனியல் கலத்தின் மின்னியக்கு விசைக்கு அருகில் அமையுமாறு தேர்ந்தெடுத்தார்கள்.

நல்ல கலமாக இருந்தாலும் அதிலிருந்து மின்னோட்டம் எடுத்தால், அதன் அகமின்தடையில் ஒரு பகுதி மின்னழுத்தம் இழக்கப்படும். அப்படியானால் கலத்தின் உண்மையான மின்னியக்கு விசையை எப்படி அளப்பது? அளக்கும் கருவியே மின்னோட்டம் எடுக்குமே! இதற்கு 1841இல் ஜெர்மனியின் யோகான் கிறிஸ்டியான் போகன்டார்ஃப் விடை கண்டார். அளக்க வேண்டிய கலத்துக்கு எதிராக மற்றொரு மின்னழுத்தத்தை வைத்து, இரண்டும் சமமாகும்வரை சரிசெய்ய வேண்டும். சமமான நிலையில் கால்வனோமீட்டரின் முள் சுழியில் நிற்கும். கலத்திலிருந்து மின்னோட்டம் எதுவும் வெளியேறாது.

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் செய்முறையில் மின்னழுத்தமானியைக் கொண்டு இரு கலங்களின் மின்னியக்கு விசைகளை ஒப்பிட்டவர்கள் இந்த முறையைக் கையால் செய்தவர்களே. பத்து மீட்டர் கம்பியில் தொடுசாவியை நகர்த்தி, முள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறும் இடத்தைத் தேடுகிறோம் அல்லவா? முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது ஓர் ஆம்–இல்லை விடை. அந்த வகையில் கால்வனோமீட்டர் ஓர் ஒப்பீட்டுச் சுற்றின் வேலையைச் செய்கிறது.

இன்றைய சுற்றுகளிலும் இப்பாடம் மாறவில்லை. எல்எம்339 உள்ளீட்டில் வழக்கமாக 25 நானோஆம்பியர் மின்னோட்டம் பாயும். இது மிகச் சிறியது. ஆனால் குறிப்பு மின்னழுத்தத்தை 1 மெகாஓம் அளவிலான மின்தடைகள் வழியே கொடுத்தால், அந்தச் சிறு மின்னோட்டமே 25 மில்லிவோல்ட் பிழையை உண்டாக்கும். அடைகாக்கும் பெட்டியில் அது 2.5 டிகிரி. மின்சாரத்தைச் சேமிக்கிறேன் என்று மிகப் பெரிய மின்தடைகளைப் போடுபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாம் பாடம்: இரண்டும் சேர்ந்து அசைந்தால் குற்றமில்லை

1833இல் சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி விவரித்து, 1843இல் சார்லஸ் வீட்ஸ்டன் பரவலாக்கிய மின்தடைச் சமனச் சுற்று, இன்று வீட்ஸ்டன் சமனச் சுற்று என அறியப்படுகிறது. இதில் ஒரு வியப்பு உண்டு. சுற்றுக்கு மின்னூட்டும் கலம் சற்றுத் தளர்ந்தாலும் சமநிலை மாறாது. ஏனென்றால் ஒப்பிடப்படும் இரு புள்ளிகளும் ஒரே கலத்திலிருந்து மின்னழுத்தம் பெறுகின்றன. கலம் 5 விழுக்காடு குறைந்தால் இரண்டும் 5 விழுக்காடு குறையும். எது பெரியது என்ற விடை மாறாது.

இருட்டியதும் எரியும் தெருவிளக்குச் சுற்றில் ஒளி உணர் மின்தடை ஒரு பக்கமும், சாதாரண மின்தடைகள் மறுபக்கமும் ஒரே மின்வழங்கியிலிருந்து பிரிக்கப்படுகின்றன. அதுவும் ஒருவகைச் சமனச் சுற்றே. அங்கே தனியான குறிப்பு மின்னழுத்தம் தேவைப்படுவதில்லை. ஆனால் எல்எம்35 அப்படிப்பட்டதன்று. மின்வழங்கி 12 வோல்ட்டாக இருந்தாலும் 11 வோல்ட்டாக இருந்தாலும் அது டிகிரிக்கு 10 மில்லிவோல்ட்டே தரும். ஒரு தட்டு உறுதியாக நிற்கும்போது மறு தட்டு மட்டும் மின்வழங்கியோடு ஆடினால் ஒப்பீடு கெடும். சுற்றை வரையும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது: என் உணரி மின்வழங்கியோடு சேர்ந்து அசைகிறதா, அசையாமல் நிற்கிறதா?

மூன்றாம் பாடம்: வெப்பம்

19ஆம் நூற்றாண்டின் நடுவில் கடலடித் தந்திக் கம்பிகள் கண்டங்களை இணைக்கத் தொடங்கின. கம்பியில் ஏற்பட்ட பழுது எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதைக் கரையிலிருந்தே மின் அளவீட்டால் கணிக்க வேண்டியிருந்தது. ஆளுக்கோர் அலகு வைத்திருந்தால் இது நடக்காது. தந்திப் பொறியாளர்களான இலாட்டிமர் கிளார்க், சார்லஸ் பிரைட் ஆகிய இருவரும் 1861இல் பொதுவான மின் அலகுகளை வலியுறுத்தி பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றக் கழகத்தில் கட்டுரை அளித்தனர். 1881இல் பாரிஸில் கூடிய மின்னியலாளர் மாநாடு வோல்ட், ஓம், ஆம்பியர் ஆகியவற்றை ஏற்றது.

அலகுக்குப் பெயர் வைத்தால் மட்டும் போதாது. அதைக் கையில் எடுத்துக் காட்ட ஒரு பொருள் வேண்டும். 1870களின் தொடக்கத்தில் கிளார்க் அப்படி ஒரு கலத்தை உருவாக்கினார். ஒரு முனையில் பாதரசம், மறுமுனையில் துத்தநாக இரசக்கலவை, நடுவில் துத்தநாக சல்பேட். 1893இல் சிகாகோவில் நடந்த பன்னாட்டு மின்னியல் மாநாடு, 15 டிகிரி செல்சியஸில் கிளார்க் கலத்தின் மின்னியக்கு விசை 1.434 வோல்ட் எனக் கொண்டு வோல்ட்டை வரையறுத்தது.

அந்த வரையறையிலேயே "15 டிகிரி செல்சியஸில்" என்ற நிபந்தனை இருப்பதைக் கவனிக்க வேண்டும். கிளார்க் கலம் ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் ஒரு மில்லிவோல்ட்டுக்கு மேல் குறையும். அதே 1893இல், இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எட்வர்ட் வெஸ்டன் துத்தநாகத்துக்குப் பதிலாகக் காட்மியத்தைப் பயன்படுத்தி ஒரு கலத்தைச் செய்தார். 20 டிகிரியில் அதன் மின்னியக்கு விசை சுமார் 1.0183 வோல்ட். அறை வெப்பநிலையில் ஒரு டிகிரிக்கு அது மாறும் அளவு ஒரு மில்லிவோல்ட்டில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. உலகம் முழுவதும் ஒரே அளவு வேண்டும் என்பதற்காக வெஸ்டன் தம் காப்புரிமையை விட்டுக்கொடுத்தார். 1911 முதல் வெஸ்டன் கலமே பன்னாட்டு நெறிமுறையாகப் பயன்பட்டது.

எச் வடிவக் கண்ணாடிக் குழாயில் அடைக்கப்பட்ட அந்தக் கலங்களை ஆய்வகங்கள் வெப்பம் மாறாத எண்ணெய்த் தொட்டிகளில் வைத்துக் காத்தன. சாய்க்கக் கூடாது, குலுக்கக் கூடாது, கணிசமான மின்னோட்டம் எடுக்கவே கூடாது. நம் மேசையில் இருக்கும் சுற்றுக்கும் இதுவே அறிவுரை. குறிப்பு மின்னழுத்தம் தரும் உறுப்பைச் சூடாகும் சீராக்கியின் அருகிலோ ரிலேயின் அருகிலோ பொருத்தக் கூடாது. காலையில் சரியாக வேலை செய்த சுற்று ஒரு மணி நேரத்தில் தடுமாறினால் முதலில் வெப்பத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

நான்காம் பாடம்: மருந்தே நோயாகலாம்

கண்ணாடிக் கலத்தை வானொலிப் பெட்டிக்குள் வைக்க முடியாது. வெற்றிடக் குழாய்களின் காலத்தில் அங்கே அந்த வேலையைச் செய்தவை வாயு நிரப்பிய ஒளிர்வுக் குழாய்கள். இவற்றின் குறுக்கே மின்னழுத்தம் ஏறத்தாழ மாறாமல் நிற்கும். விஆர்150 என்ற குழாய் 150 வோல்ட் தந்தது. ஒளிரத் தொடங்க அதிக மின்னழுத்தமும், தொடங்கிய பின் நிலைத்திருக்கச் சற்றுக் குறைந்த மின்னழுத்தமும் இவற்றுக்குப் போதும்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுந்தார்கள். இன்னும் சீராகட்டும் என்று குழாயின் குறுக்கே பெரிய மின்தேக்கியைப் போட்டால், மின்தேக்கி மெல்ல மின்னேற்றம் பெறும், குழாய் ஒளிர்ந்து அதை வடிக்கும், அணையும், மீண்டும் மின்னேற்றம். மாறாத மின்னழுத்தம் தர வேண்டிய குழாய் அலைவுகளை உண்டாக்கும் கருவியாக மாறிவிடும். அதனால் இவ்வகைக் குழாய்களில் மின்தேக்கி 0.1 மைக்ரோபாரடுக்கு மேல் வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் எச்சரித்தார்கள்.

அந்த எச்சரிக்கை குழாய்களோடு முடிந்துவிடவில்லை. இன்று கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் டிஎல்431 என்ற குறிப்பு மின்னழுத்த ஐசிக்கும், குறிப்பிட்ட ஓர் இடைப்பட்ட அளவில் மின்தேக்கியைப் போட்டால் அலைவு வரும். தரவுத்தாளில் அந்தப் பகுதியைத் தனி வரைபடமாகவே கொடுத்திருப்பார்கள். மின்தேக்கி போட்டால் நல்லதுதான் என்று எண்ணாமல் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் போட வேண்டும்.

செனார் டையோடு

1934இல் கிளாரன்ஸ் செனார் என்ற அமெரிக்க இயற்பியலாளர், வலிமையான மின்புலத்தில் காப்புப் பொருள்கள் முறிவடைவதைக் குவாண்டம் கோட்பாட்டால் விளக்கினார். பின்னாளில் குறைக்கடத்திச் சந்திகளில் முறிவு மின்னழுத்தம் ஏறத்தாழ மாறாமல் நிற்பது கண்டறியப்பட்டபோது, அவ்வகை டையோடுகளுக்கு அவர் பெயர் வந்தது. உண்மையில் சுமார் 5 வோல்ட்டுக்குக் கீழ் உள்ளவற்றில்தான் செனார் விளைவு மேலோங்கும். அதற்கு மேற்பட்டவற்றில் சரிவு முறிவு என்னும் வேறொரு நிகழ்வு மேலோங்கும். முதல் வகையில் வெப்பம் கூடினால் மின்னழுத்தம் குறையும்; இரண்டாம் வகையில் கூடும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் 5 முதல் 6 வோல்ட் வரையிலான பகுதியில் மாற்றம் மிகக் குறைவு.

மாணவர்கள் பலர் 3.3 வோல்ட் செனாரை வாங்கி, பெரிய மின்தடை வழியாகச் சில மைக்ரோஆம்பியர் மட்டும் கொடுத்துவிட்டு, மின்னழுத்தம் நிற்கவில்லை என்பார்கள். குறைந்த மின்னழுத்தச் செனார்களின் வளைகோடு செங்குத்தாக இருக்காது. போதிய மின்னோட்டம் இல்லாவிட்டால் அவை குறித்த மின்னழுத்தத்தை எட்டா. குறை டையோடில் இல்லை; அதற்குக் கொடுத்த மின்னோட்டத்தில் இருக்கிறது.

சிலிக்கானுக்குள் ஒரு சமன்பாடு

டிரான்சிஸ்டரின் அடிவாய்–உமிழ்ப்பான் மின்னழுத்தம் சுமார் 0.65 வோல்ட். ஒரு டிகிரி வெப்பம் கூடினால் அது ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறையும். ஒரே ஐசிக்குள் இரண்டு டிரான்சிஸ்டர்களைப் பத்து மடங்கு வேறுபட்ட மின்னோட்ட அடர்த்தியில் இயக்கினால், அவற்றின் மின்னழுத்தங்களுக்கு இடையிலான வேறுபாடு அறை வெப்பநிலையில் சுமார் 60 மில்லிவோல்ட் இருக்கும். இந்த வேறுபாடு வெப்பம் கூடினால் கூடும், டிகிரிக்கு 0.2 மில்லிவோல்ட்.

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த வேறுபாட்டைப் பத்தால் பெருக்கினால் 0.6 வோல்ட், டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் உயர்வு. அதை முதல் 0.65 வோல்ட்டோடு கூட்டினால், ஒன்றின் உயர்வும் மற்றதன் தாழ்வும் நீங்கி, வெப்பத்தால் மாறாத 1.25 வோல்ட் கிடைக்கும். துல்லியமாகக் கணக்கிட்டால் இது சிலிக்கானின் விலக்கப்பட்ட ஆற்றல் இடைவெளிக்கு இணையான 1.2 வோல்ட்டுக்கு அருகில் வரும். அதனால்தான் இவ்வகையை ஆற்றல் இடைவெளிக் குறிப்பு மின்னழுத்தம் என்கிறார்கள்.

இந்தக் கருத்தை 1964இல் ஃபேர்சைல்ட் நிறுவனத்தின் டேவிட் ஹில்பிபர் வெளியிட்டார். அதை நடைமுறை ஐசியாக்கியவர் பாப் விட்லர். 1960களின் நடுவில் ஃபேர்சைல்டில் மியூஏ710 என்ற தொடக்ககால ஒப்பீட்டு ஐசியை வடிவமைத்தவரும் அவரே. பின்பு நேஷனல் செமிகண்டக்டரில் 1969இல் எல்எம்109 என்ற 5 வோல்ட் சீராக்கியிலும், 1971இல் எல்எம்113 என்ற 1.22 வோல்ட் ஐசியிலும் இக்கருத்தைப் பயன்படுத்தினார். ஒப்பீட்டு ஐசியையும் அதற்கு வேண்டிய அசையாத மின்னழுத்தம் தரும் ஐசியையும் ஒரே மனிதர் வடிவமைத்தார். 1974இல் அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் பால் புரோகா மேலும் எளிய வடிவத்தைத் தந்தார். அதே பத்தாண்டில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கொண்டுவந்த டிஎல்431, ஏறத்தாழ 2.5 வோல்ட் தரும் மலிவான ஐசியாக உலகெங்கும் பரவியது. பழைய கணினி மின்வழங்கியையோ கைப்பேசி மின்னேற்றியையோ பிரித்துப் பார்த்தால் அதைக் காணலாம்.

வேண்டுமென்றே அசைக்கும் குறிப்பு

இதுவரை குறிப்பு மின்னழுத்தத்தை அசையாமல் வைக்க முயன்றவர்களைப் பார்த்தோம். அதை வேண்டுமென்றே அசைத்த ஒருவரும் உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1934இல் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆட்டோ ஷ்மிட், கணவாய் மீனின் நரம்புகளில் துடிப்புப் பரவுவதை ஆராய்ந்தார். நரம்பு ஓர் எல்லையைத் தாண்டினால் முழுமையாகத் துடிக்கும், இல்லையேல் துடிக்காது. அதே நடத்தையை வெற்றிடக் குழாய்களால் உருவாக்கி 1938இல் வெளியிட்டார். இன்று அது ஷ்மிட் டிரிகர் எனப்படுகிறது.

இதில் வெளியீட்டின் ஒரு சிறு பகுதி குறிப்பு மின்னழுத்தத்துக்கே திருப்பிக் கொடுக்கப்படும். இது நேர்ப் பின்னூட்டம். பல்பு எரியத் தொடங்கியதும் குறிப்பு மின்னழுத்தம் சற்று உயரும். அணைந்ததும் சற்றுத் தாழும். இதனால் எரியும் எல்லையும் அணையும் எல்லையும் சிறிது விலகி நிற்கும். எல்லையின் விளிம்பில் இருக்கும் சிறு இரைச்சல் விடையைப் புரட்டாது. இந்த விலகலைத் தயக்கம் என்கிறோம்.

வெப்பத் தொட்டியிலிருந்து இயற்கை மாறிலிக்கு

மிகத் துல்லியமான கருவிகளுக்கு ஆற்றல் இடைவெளி ஐசியும் போதவில்லை. 1970களில் ராபர்ட் டாப்கின், செனார் டையோடைச் சிலிக்கானின் மேற்பரப்புக்குக் கீழே புதைத்து, அதே சில்லிலேயே ஒரு சூடாக்கியையும் அமைத்தார். எல்எம்199, எல்எம்399 ஆகியவை அப்படி வந்தவை. வெளியே வெப்பம் எப்படி மாறினாலும் உள்ளே ஒரே வெப்பநிலை. வெஸ்டன் கலம் மிதந்த எண்ணெய்த் தொட்டி ஒரு சில்லுக்குள் புகுந்துவிட்டது என்று சொல்லலாம்.

ஆனாலும் பொருளால் ஆனது எதுவும் காலப்போக்கில் மாறும். 1962இல் கேம்பிரிட்ஜில் 22 வயது மாணவராக இருந்த பிரையன் ஜோசப்சன், மெல்லிய காப்புப் படலத்தால் பிரிக்கப்பட்ட இரண்டு மீக்கடத்திகளின் நடத்தையைக் கணித்தார். அந்தச் சந்தியில் நுண்ணலையைச் செலுத்தினால் கிடைக்கும் மின்னழுத்தம் அலையின் அதிர்வெண்ணையும் இயற்கையின் இரு மாறிலிகளையும் மட்டுமே சார்ந்தது. 1973இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 75 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஒரு சந்தி தருவது ஏறத்தாழ 0.155 மில்லிவோல்ட்தான். எனவே ஆயிரக்கணக்கான சந்திகளைத் தொடராக அடுக்குகிறார்கள். 1990 ஜனவரி 1 முதல் ஒரு வோல்ட்டுக்கு 483597.9 கிகாஹெர்ட்ஸ் என்ற மதிப்பு உலகெங்கும் ஏற்கப்பட்டது. 2019 மே 20இல் பன்னாட்டு அலகு முறை திருத்தப்பட்டு, பிளாங்க் மாறிலியும் எலக்ட்ரான் மின்னூட்டமும் நிலையான எண்களாக வரையறுக்கப்பட்டன. இந்தியாவில் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் நாட்டின் வோல்ட் நெறிமுறையை ஜோசப்சன் சந்திகளைக் கொண்டு பேணுகிறது.

பெட்டியில் நடந்தது என்ன?

அடுத்த ஆண்டு மின்னழுத்தமானிச் செய்முறைக்கு மேசைகளைத் தயார் செய்துகொண்டிருந்தேன். ஒரு மேசையில் சமநிலை நீளம் நிமிடத்துக்கு நிமிடம் மாறிக்கொண்டே இருந்தது. அளக்கப்படும் கலத்தில் குறையில்லை. கம்பிக்கு மின்னோட்டம் தந்த சேமக்கலம் இறங்கிக்கொண்டிருந்தது. அளவுகோலே சுருங்கினால் துணியின் நீளம் கூடத்தான் செய்யும். அப்போதுதான் அந்தத் தெர்மாகோல் பெட்டி நினைவுக்கு வந்தது.

அலமாரியிலிருந்து எடுத்து அளந்தேன். ரிலே இழுக்கும்போது அந்தச் சாதாரண அடாப்டரின் மின்னழுத்தம் 5 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. அதிலிருந்து பிரித்த 375 மில்லிவோல்ட்டும் 5 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 19 மில்லிவோல்ட் இறங்கும். வெப்பத்தில் அது 1.9 டிகிரி. பெட்டி 36 டிகிரியில் இருக்கும்போது சுற்று பல்பை எரிய விடுகிறது, ரிலே இழுக்கிறது, குறிப்பு 35.6 டிகிரிக்குரிய அளவுக்கு இறங்குகிறது, சூடு அதிகம் என்று எண்ணிச் சுற்று பல்பை அணைக்கிறது, குறிப்பு மீண்டும் ஏறுகிறது, மறுபடியும் எரிகிறது. ஷ்மிட் வேண்டுமென்றே செய்ததற்கு நேர் எதிரான திசையில் இங்கே குறிப்பு தானாக அசைந்தது. நான் போடச் சொன்ன மின்தேக்கி அந்த அசைவைத் தாமதப்படுத்தியதே தவிர நிறுத்தவில்லை.

ஐயத்தைத் தீர்க்க, டார்ச் விளக்கின் 1.5 வோல்ட் உலர்கலம் ஒன்றை எடுத்து, 30 கிலோஓம், 10 கிலோஓம் மின்தடைகளால் நான்கில் ஒரு பங்காகப் பிரித்தேன். அதே 375 மில்லிவோல்ட். ஆனால் இது அடாப்டரோடு தொடர்பற்றது. பழைய குறிப்பைக் கழற்றி இதை இணைத்ததும் அந்தப் படபடப்பு நின்றது. 37.5 டிகிரியைக் கடக்கும் நொடியில் மட்டும் ரிலே ஓரிரு முறை துடித்தது; அதற்குத் தயக்கம் போதும். கிளார்க் 1870களில் செய்ததைப் போல ஒரு கலத்தைக் குறிப்பாக வைத்ததால் பழுது பிடிபட்டது. ஆனால் அந்த மாணவன் அதற்குள் பள்ளியை விட்டுப் போயிருந்தான்.

பழுது தேடும் வரிசை

1. உணரியையும் ஐசியையும் மாற்றுவதற்கு முன் குறிப்பு மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். ரிலே இயங்கும்போதும் இயங்காதபோதும் அளக்க வேண்டும். மல்டிமீட்டர் சராசரியையே காட்டும். விரைவான அசைவைக் காண அலைவுகாட்டி தேவை.

2. அலைவுகாட்டி இல்லையென்றால் உலர்கலத்தைத் தற்காலிகக் குறிப்பாக வைத்துப் பார்க்கலாம். கலத்தின் எதிர்முனையைச் சுற்றின் தரை இணைப்போடு சேர்க்க மறக்கக் கூடாது. பழுது மறைந்தால் காரணம் குறிப்பில்தான் உள்ளது.

3. உணரி மின்வழங்கியோடு சேர்ந்து மாறாத வகை என்றால், குறிப்பையும் மின்வழங்கியிலிருந்து நேராகப் பிரிக்கக் கூடாது. டிஎல்431 போன்ற ஐசியை முதலில் வைத்து, அதன் 2.5 வோல்ட்டிலிருந்து பிரிக்க வேண்டும். அந்த ஐசி ஒழுங்காக இயங்கக் குறைந்தது 1 மில்லிஆம்பியராவது கொடுக்க வேண்டும்.

4. தரைக் கம்பியைப் பார்க்க வேண்டும். ரிலேயின் 70 மில்லிஆம்பியர், 0.1 ஓம் மின்தடையுள்ள பொதுக் கம்பி வழியே திரும்பினால் 7 மில்லிவோல்ட் பிழை. நம் பெட்டியில் 0.7 டிகிரி. ரிலேக்குத் தனிக் கம்பி, உணரிக்கும் குறிப்புக்கும் தனிக் கம்பி என்று மின்வழங்கி வரை கொண்டுபோக வேண்டும்.

5. பிரிக்கும் மின்தடைகள் மிகப் பெரியவையா, குறிப்பு உறுப்பு சூடான இடத்தில் உள்ளதா, மின்தேக்கியின் அளவு தரவுத்தாளுக்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும்.

6. இவையெல்லாம் சரியான பிறகே தயக்கம் சேர்க்க வேண்டும். குறிப்புக்கும் ஐசியின் நேர் உள்ளீட்டுக்கும் இடையே 1 கிலோஓம், வெளியீட்டிலிருந்து அதே உள்ளீட்டுக்கு 3.9 மெகாஓம் என்று வைத்தால், 12 வோல்ட் வெளியீட்டு மாற்றத்துக்குச் சுமார் 3 மில்லிவோல்ட், அதாவது 0.3 டிகிரி தயக்கம் கிடைக்கும். குறிப்பு ஆடிக்கொண்டிருக்கும்போது தயக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனால் படபடப்பு மறையலாம். ஆனால் பிழை உள்ளேயே இருக்கும்.

7. கடைசியாக, ஐசிக்கே உரிய சில மில்லிவோல்ட் விலகல் உண்டு. நல்ல வெப்பமானி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துக் குறிப்பைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

சுற்று தவறான விடை சொல்லும்போது நாம் இயல்பாகவே உணரியைக் குறை சொல்கிறோம், ஐசியைக் குறை சொல்கிறோம், சில வேளை செய்த மாணவனையும் குறை சொல்கிறோம். போகன்டார்ஃப் முதல் ஜோசப்சன் வரை பலரும் கவலைப்பட்டது படிக்கல்லைப் பற்றி. அடைகாக்கும் பெட்டி செய்யும் அடுத்த மாணவர், முட்டைகளை உள்ளே வைப்பதற்கு முன்பு அந்த 375 மில்லிவோல்ட்டை ரிலே இயங்கும்போது ஒருமுறை அளந்துவிட்டால் போதும்.